கருத்து மாறுபடக் கற்றுத்தரும் பள்ளிகள் அமெரிக்காவுக்குத் தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

அமெரிக்க அரசியலைப் பற்றித் தங்கள் நாளிதழில் வரும் செய்திகளை இல்லினாய்ஸ் மாநிலத்தில் இருந்தபடி தவறாமல் படித்துவரும் வாசகன் நான். இந்நாட்டின் குடியுரிமை பெற்று இங்கே வாக்களித்தும் வருகிறேன். அதிபரின் ஆணைகள், அவற்றுக்கு நீதிமன்றங்கள் விதிக்கும் தடைகள், நிதி ஒதுக்கீடு நிறைவேறாமல் அரசுத் துறைகள் முடங்குவது, இரு கட்சித் தலைவர்களும் ஒருவரையொருவர் சாடுவது ஆகியவை யாவும் உடனுக்குடன் தங்கள் பக்கங்களில் இடம்பெறுகின்றன. அவற்றில் குறை காண்பது என் நோக்கமன்று. இத்தனை சச்சரவுக்கும் நடுவே, அடுத்த தலைமுறை வாக்காளர்களை இந்நாடு எப்படி உருவாக்குகிறது, மாற்றுக் கட்சிக்காரரோடு உட்கார்ந்து பேசும் பழக்கத்தை அவர்கள் எங்கே பெறுகிறார்கள் என்பது பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டும் என்று தோன்றியது. அதனால் வழக்கமான வாசகர் கடிதத்தைவிட இது நீண்டுவிட்டது; பொறுத்தருள வேண்டுகிறேன்.

இங்கே குடிமைக் கல்வியை வளர்ப்பதற்கென்று சில அமைப்புகளும், குடியரசுக் கட்சியினரையும் ஜனநாயகக் கட்சியினரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசச் செய்வதற்கென்று வேறு சில அமைப்புகளும் உழைத்துவருகின்றன. முதலாவது பள்ளிக்கூடத்தின் பொறுப்பு, இரண்டாவது பெரியவர்களின் பொறுப்பு என்று வேலையைப் பிரித்துக்கொண்டதுபோல் அவை தனித்தனியே இயங்குகின்றன. இரண்டும் ஒரே பணி என்பது என் கருத்து. ஒரு பொது விவகாரத்தில் தன்னோடு உடன்படாதவரின் வாதத்தை முழுதாகக் கேட்டு, அதை அவரே ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொல்லி, அதன் பிறகு மறுத்துப் பேசும் பழக்கத்தைப் பள்ளிப் பருவத்தில் பெறாத ஒருவர், நாற்பது வயதில் ஒரு சனிக்கிழமைப் பயிலரங்கில் கலந்துகொண்டு அதைப் பெற்றுவிடுவார் என்று நம்புவதற்கில்லை.

குடிமையியலில் மாணவர்களின் நிலை கவலை தருவதாகவே இருக்கிறது. தேசியக் கல்வி முன்னேற்ற மதிப்பீட்டின்படி, 2022இல் எட்டாம் வகுப்பு மாணவர்களில் 22 சதவீதத்தினர் மட்டுமே இப்பாடத்தில் எதிர்பார்க்கப்படும் தேர்ச்சி நிலையை எட்டினர். 31 சதவீதத்தினர் அடிப்படை நிலைக்கும் கீழே இருந்தனர். 1998க்குப் பிறகு இப்பாடத்தில் சராசரி மதிப்பெண் சரிந்தது அதுவே முதல்முறை. பெரியவர்களைப் பொறுத்தவரை, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் அன்னன்பெர்க் பொதுக் கொள்கை மையம் ஆண்டுதோறும் நடத்தும் கருத்துக்கணிப்பில், சட்டமியற்றும் துறை, நிர்வாகத் துறை, நீதித் துறை என்று அரசின் மூன்று பிரிவுகளையும் சொல்லத் தெரிந்தவர்கள் 2022இல் 47 சதவீதம். 2024இல் அது 65 சதவீதமாக உயர்ந்தது. இந்த உயர்வுக்குப் பள்ளிகளைக் காட்டிலும், அம்மூன்று பிரிவுகளுக்கும் இடையே ஓயாமல் நடந்த இழுபறிதான் காரணமாக இருக்கும் என்பது என் ஊகம். சண்டையைப் பார்த்தாவது மூன்று பெயர்களைத் தெரிந்துகொண்டார்கள்.

ஆனால், அறியாமை நீங்கினால் பகைமையும் நீங்கிவிடும் என்று எண்ணுவோருக்கு ஒரு தகவல் இடையூறாக நிற்கிறது. ‘மோர் இன் காமன்’ என்ற அமைப்பு 2019இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு கட்சியினர் மற்றக் கட்சியினரில் எத்தனை பேர் தீவிரக் கருத்துடையவர்கள் என்று நினைக்கிறார்களோ, உண்மையில் அதில் ஏறத்தாழ பாதிப் பேரே அப்படிப்பட்டவர்கள் என்று தெரியவந்தது. இந்தத் தப்பெண்ணம் படிப்பு ஏற ஏறக் குறையவில்லை. ஜனநாயகக் கட்சியினரிடையே, மேல்படிப்புப் படித்தவர்களிடம் அது இன்னும் கூடுதலாகவே இருந்தது. எப்போதாவது செய்தி படிப்பவர்களோடு ஒப்பிட்டால், பெரும்பாலான நேரம் செய்தியைப் பின்தொடர்பவர்களின் தப்பெண்ணம் ஏறத்தாழ மூன்று மடங்கு. எதிர்த்தரப்பை ஓரளவு சரியாகக் கணித்தவர்கள் அரசியலில் அக்கறையே காட்டாதவர்கள். செய்தித்தாளுக்கு எழுதும் கடிதத்தில் இதைக் குறிப்பிடுவது எனக்கே சங்கடமாகத்தான் இருக்கிறது; ஆயினும், வெறும் தகவலை மேலும் மேலும் புகட்டுவதால் ஜனநாயகம் செழித்துவிடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இந்த விலகல் அரசியல் மேடையோடு நிற்கவில்லை. தம் பிள்ளை மாற்றுக் கட்சிக்காரரை மணந்துகொண்டால் வருந்துவீர்களா என்று 1960இல் கேட்டபோது, ஆம் என்றவர்கள் குடியரசுக் கட்சியினரில் 5 சதவீதம், ஜனநாயகக் கட்சியினரில் 4 சதவீதம். 2010இல் இதே போன்ற கேள்விக்கு அவ்வாறு சொன்னவர்கள் முறையே 49 சதவீதம், 33 சதவீதம். சம்பந்தம் பேசும்போது எதையெல்லாம் பார்ப்பது என்ற பட்டியலில் கட்சியும் சேர்ந்துவிட்டது என்று சொன்னால் தமிழ் வாசகர்களுக்கு இதன் கனம் எளிதில் விளங்கும். பியூ ஆய்வு மையத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி, குடியரசுக் கட்சியினரில் 72 சதவீதமும் ஜனநாயகக் கட்சியினரில் 63 சதவீதமும் மற்றக் கட்சியினரைப் பிற அமெரிக்கர்களைவிட ஒழுக்கம் குறைந்தவர்களாகக் கருதினர். 2016இல் இந்த விகிதங்கள் 47 ஆகவும் 35 ஆகவும் இருந்தன.

பள்ளிகள் இதில் பின்தங்கியது ஒரே நாளில் நேர்ந்ததன்று. 1960கள் வரை, உயர்நிலைப் பள்ளியில் குடிமையியல், அமெரிக்க அரசாங்கம், ஜனநாயகத்தின் சிக்கல்கள் என்று மூன்று தனிப் பாடங்கள் இருப்பது பரவலான வழக்கம். மூன்றாவது பாடத்தில்தான் அன்றாடப் பொதுப் பிரச்சினைகளை மாணவர்கள் விவாதித்தார்கள்; முதலில் மறைந்ததும் அதுவே. 2002இல் அதிபர் புஷ் கையெழுத்திட்ட கல்விச் சட்டம், வாசிப்பிலும் கணிதத்திலும் மாணவர் பெறும் மதிப்பெண்ணைக் கொண்டு பள்ளிகளை மதிப்பிட்டபோது, சோதிக்கப்படாத சமூக அறிவியல் பாடங்களின் நேரம் தொடக்கப் பள்ளியிலேயே சுருங்கியது. கூட்டாட்சி அரசு அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் ஆகியவற்றுக்கு மாணவர் ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 50 டாலரும், குடிமைக் கல்விக்குச் சுமார் 5 சென்ட்டும் செலவிட்டுவந்ததாக 2021இல் கல்வியாளர்கள் கணக்குச் சொன்னார்கள். அதன் பிறகு தொகை ஓரளவு கூடியிருக்கிறது. ஆனாலும் இடைவெளி பெரிதாகவே இருக்கிறது.

சரிந்ததை நிமிர்த்தப் பல மாநிலங்கள் தேர்ந்தெடுத்த வழி, குடியுரிமைத் தேர்வைப் பள்ளிக்குள் கொண்டுவருவது. 2015 ஜனவரியில் அரிசோனா இதில் முந்திக்கொண்டது: குடியுரிமை கோரும் வெளிநாட்டவரிடம் கேட்கப்படும் 100 வினாக்களில் 60க்குச் சரியாக விடையளித்தால்தான் உயர்நிலைப் பள்ளிப் பட்டம் என்று சட்டம் இயற்றியது. வேறு பல மாநிலங்கள் அதே வழியில் சென்றன. அத்தேர்வை எழுதித் தேறியவன் என்ற முறையில் சொல்கிறேன்: அது கடினமானதன்று. நான் எழுதிய காலத்து முறைப்படி, அதிகாரி 10 வினாக்கள் வரை கேட்பார், 6 சரியாக இருந்தால் போதும்; அண்மையில் அது 128 வினாக்களாக விரிக்கப்பட்டு, 20இல் 12 சரியாகச் சொல்ல வேண்டும் என்று ஆகியிருக்கிறது. பிரதிநிதிகள் சபையில் வாக்குரிமை உள்ள உறுப்பினர் எத்தனை பேர், அரசமைப்புச் சட்டம் எத்தனை முறை திருத்தப்பட்டது என்பன போன்றவை. 435 என்றும் 27 என்றும் மனப்பாடம் செய்துகொண்டு போகலாம். செனட்டில் 100 பேர் இருக்க, 51 பேர் ஆதரிக்கும் மசோதாகூடப் பல வேளைகளில் 60 பேரின் ஒப்புதல் இல்லாமல் வாக்கெடுப்புக்கே வராமல் போவது ஏன், அரசமைப்புச் சட்டத்தில் எங்கும் சொல்லப்படாத அந்த வழக்கம் யாருக்கு எப்போது உதவியது என்ற கேள்வியை அத்தேர்வு தொடுவதில்லை. சதுரங்கக் காய்களின் பெயர்களைப் பிழையின்றி ஒப்பிப்பவரை ஆடத் தெரிந்தவர் என்று நாம் சொல்வதில்லை.

தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்து, குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராகப் போட்டியிட முயன்ற விவேக் ராமசாமி, 2023இல் இதையும் தாண்டி ஒரு யோசனை சொன்னார்: வாக்களிக்கும் வயதை 25 ஆக உயர்த்த வேண்டும்; 18 முதல் 24 வயதுள்ளவர்கள் படையிலோ அவசர உதவிப் பணியிலோ சேவை செய்திருந்தால், அல்லது குடியுரிமைத் தேர்வில் தேறியிருந்தால் மட்டும் முன்னதாக வாக்களிக்கலாம். இளைஞர்கள் குடியாட்சியை மதித்துக் கற்க வேண்டும் என்ற அவருடைய கவலையில் எனக்கு உடன்பாடு உண்டு, வழியில் இல்லை. தேர்வில் தேறியவருக்கே வாக்கு என்பதை இந்நாடு ஏற்கெனவே செய்து பார்த்திருக்கிறது. தென் மாநிலங்களில் கறுப்பின மக்கள் வாக்காளர்களாகப் பதிய வந்தபோது, மாநில அரசமைப்புச் சட்டத்தின் ஏதாவது ஒரு பிரிவுக்கு விளக்கம் சொல்லச் சொல்லி, விளக்கம் சரியா தவறா என்பதை வெள்ளை இனப் பதிவு அதிகாரியின் விருப்பத்துக்கு விட்டிருந்தார்கள். அந்தத் தேர்வுகளை 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் அங்கே நிறுத்தியது. பின்னர் நாடு முழுவதற்குமே அவை தடை செய்யப்பட்டன. குடிமைக் கல்வி வாக்குச்சாவடிக்கு அழைத்துச் செல்லும் பாதையாக இருக்க வேண்டுமே ஒழிய, அதன் வாசலில் காவல் நிற்கக் கூடாது.

வேறு வகையான சட்டத்துக்கு நான் வாழும் மாநிலமே எடுத்துக்காட்டு. 2015இல் குடியரசுக் கட்சி ஆளுநர் ஒருவர் கையெழுத்திட, ஜனநாயகக் கட்சிப் பெரும்பான்மை கொண்ட சட்டமன்றம் நிறைவேற்றிய இல்லினாய்ஸ் சட்டம், உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒவ்வொருவரும் ஒரு பருவமாவது, அதாவது அரைக் கல்வியாண்டாவது, குடிமையியல் படிக்க வேண்டும் என்றது. அதோடு நிற்காமல், அரசு நிறுவனங்களைப் பற்றிய பாடம், நடப்பிலுள்ள சர்ச்சைகளைப் பற்றிய கலந்துரையாடல், சமூகப் பணியோடு இணைந்த கற்றல், சட்டமன்றம் நீதிமன்றம் போன்றவற்றை மாணவர்களே நடித்துப் பார்க்கும் பயிற்சி ஆகிய நான்கும் அதில் இருக்க வேண்டும் என்று வகுத்தது. பின்னர் இது நடுநிலைப் பள்ளிக்கும் விரிவாக்கப்பட்டது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர மாநில அரசு பணம் ஒதுக்கவில்லை. தனியார் அறக்கட்டளைகள் முன்வந்து அப்பொறுப்பை ஏற்றன. சட்டம் செய்பவர்கள் செலவை மட்டும் வேறு யாருக்கோ விட்டுவிடும் பழக்கம் எங்கும் உள்ளதே.

சர்ச்சைக்குரிய பொருளை வகுப்பில் விவாதிப்பது என்றவுடன் கூச்சலும் கைகலப்பும் நினைவுக்கு வருவதுண்டு. நன்கு நடத்தப்படும் வகுப்பில் நடப்பது வேறு. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜான்சன், ராஜர் ஜான்சன் சகோதரர்கள் உருவாக்கிய முறையொன்றைப் பல ஆசிரியர்கள் பின்பற்றுகிறார்கள். மாணவர்கள் நால்வர் நால்வராக அமர்வார்கள். உள்ளாட்சித் தேர்தலில் 16 வயதினருக்கு வாக்குரிமை தரலாமா என்பது பொருள் என்று வைத்துக்கொள்வோம்; மேரிலாண்ட் மாநிலத்தின் டக்கோமா பார்க் நகரம் 2013 முதல் அதைத் தந்துவருவதால் இது வெறும் கற்பனைக் கேள்வியன்று. இருவர் ஆதரித்தும் இருவர் எதிர்த்தும் சான்றுகளோடு பேசுவார்கள். ஒரு தரப்பு பேசி முடித்ததும், மறு தரப்பு உடனே மறுக்கக் கூடாது. கேட்டதைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும், பேசியவர்கள் ‘ஆம், நாங்கள் சொன்னது இதுதான்’ என்று ஒப்பும்வரை. பிறகு இரு தரப்பும் இடம் மாறி, சற்று முன் எதிர்த்ததை ஆதரித்து வாதிட வேண்டும். கடைசியில் தரப்புகளைக் கைவிட்டு, நால்வரும் தாம் உண்மையில் நினைப்பதைச் சொல்லி, எங்கே உடன்பட முடிகிறது, எங்கே முடியவில்லை, முடியாததற்குக் காரணம் தகவலா மதிப்பீடா என்று எழுதித் தர வேண்டும். இந்தக் கடைசிக் கேள்விதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. தகவலில் வேறுபட்டால் நூலகத்துக்குப் போகலாம். மதிப்பீட்டில் வேறுபட்டால் வாக்கெடுப்புக்குப் போக வேண்டியதுதான். எது எந்த வகை என்று பிரித்தறியத் தெரியாதவர்களே தொலைக்காட்சி விவாதங்களில் பெரும்பாலும் கத்திக்கொண்டிருக்கிறார்கள்.

இத்தகைய வகுப்பை நடத்த இன்று ஆசிரியர்கள் தயங்குவதற்குக் காரணம் உண்டு. டெக்சாஸ் மாநிலம் 2021இல் இயற்றிய சட்டம், சர்ச்சைக்குரிய நடப்பு விவகாரத்தைப் பேச முன்வரும் ஆசிரியர், ஒன்றோடொன்று முரண்படும் பல கோணங்களிலிருந்தும் அதை ஆராய வேண்டும், எந்த ஒரு கோணத்துக்கும் முதன்மை தரக் கூடாது என்றது. தனியே படித்தால் இதில் தவறு சொல்ல ஒன்றுமில்லை. மேலே விவரித்த முறையும் அதையே செய்கிறது. ஆனால் அச்சட்டம் வந்த சில மாதங்களில், அம்மாநிலத்துப் பள்ளி மாவட்டம் (ஒரு வட்டாரத்தின் அரசுப் பள்ளிகளை நிர்வகிக்கும் அமைப்பு) ஒன்றில், யூதப் படுகொலையைப் பற்றிய நூல் வகுப்பில் இருந்தால் அதற்கு எதிரான கோணம் கொண்ட நூலும் இருக்க வேண்டும் என்று அதிகாரி ஒருவர் ஆசிரியர்களிடம் சொன்னது ஒலிப்பதிவாக வெளியானது. மாவட்டம் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. வரி விகிதம் எவ்வளவு இருக்கலாம் என்பது திறந்த கேள்வி. யூதர்கள் கொல்லப்பட்டார்களா என்பது கேள்வியே அன்று. இந்த வேறுபாட்டைச் சட்ட வாசகம் பிரித்துக் காட்டாது. பயிற்சி பெற்ற, பதவி பறிபோகும் என்ற அச்சம் இல்லாத ஆசிரியரே காட்ட முடியும்.

மறு தரப்பின் சந்தேகமும் முற்றிலும் அடிப்படையற்றதன்று. மாணவர்கள் ஒரு பொதுப் பிரச்சினையைத் தேர்ந்தெடுத்து அதில் இறங்கிச் செயல்பட வேண்டும் என்ற முறை சில இடங்களில் பரவியபோது, தேர்ந்தெடுக்கப்பட்ட பிரச்சினைகள் பெரும்பாலும் ஒரு கட்சியின் நிகழ்ச்சிநிரலை ஒட்டியே இருந்தன என்று பழமைவாதப் பெற்றோர் புகார் கூறினர். டெக்சாஸ் சட்டம், மாணவர்கள் சட்டமன்ற உறுப்பினர்களை அணுகி ஆதரவு திரட்டும் பணிக்கு மதிப்பெண் தருவதைத் தடைசெய்தது அதனால்தான். மாசசூசெட்ஸ் மாநிலம் 2018இல் நேர்மாறாக, எட்டாம் வகுப்பிலும் உயர்நிலைப் பள்ளியிலும் மாணவர்களே வழிநடத்தும் குடிமைச் செயல்திட்டம் ஒன்றைக் கட்டாயம் வழங்கச் சொன்னது. அச்சட்டத்தில் கையெழுத்திட்ட ஆளுநரும் குடியரசுக் கட்சிக்காரரே என்பதால், இதை வெறும் கட்சிச் சண்டையாகப் பார்க்க இயலாது. ஒருவர் எந்தப் பக்கம் செயல்பட வேண்டும் என்பதைப் பள்ளி சொல்லக் கூடாது, செயல்படும் வழிமுறையைப் பள்ளி மறைக்கவும் கூடாது என்ற எல்லைக்குள் இரு மாநிலங்களும் சந்திக்க முடியும் என்றே நினைக்கிறேன்.

நாடாளுமன்றத்தில் இதற்கான முயற்சி நடந்தது. டெலவேரின் ஜனநாயகக் கட்சி செனட்டர் கிறிஸ் கூன்ஸும் டெக்சாஸின் குடியரசுக் கட்சி செனட்டர் ஜான் கார்னினும் இணைந்து, குடிமைக் கல்விக்கு ஆண்டுக்கு 100 கோடி டாலர் ஒதுக்கும் மசோதாவை 2021இல் கொண்டுவந்தனர். பணத்தோடு பாடத்திட்டத்தையும் வாஷிங்டன் திணித்துவிடும் என்ற எதிர்ப்புக் கிளம்பியது, மசோதா சட்டமாகவில்லை. கட்சி கடந்த பேச்சைக் கற்பிப்பதற்கான மசோதா கட்சிச் சந்தேகத்தால் நின்றுபோனதில் உள்ள நகைமுரணை நான் விளக்க வேண்டியதில்லை.

இரு தரப்பும் நம்பும் முயற்சிகளும் இல்லாமல் இல்லை. உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியான சாண்ட்ரா டே ஓ’கானர், அதிபர் ரீகனால் நியமிக்கப்பட்டு 1981இல் செனட்டில் பதிவான 99 வாக்குகளையும், எதிர்த்து ஒன்றுகூட இல்லாமல், பெற்றவர். அதற்கு முன் அரிசோனா செனட்டில் பெரும்பான்மைக் கட்சித் தலைவராக இருந்தவர். ஓய்வுக்குப் பின் 2009இல் அவர் தொடங்கிய ஐசிவிக்ஸ், அரசமைப்பைக் கணினி விளையாட்டுகளாகப் பள்ளிகளுக்கு இலவசமாகத் தருகிறது. நீதிபதியாக இருந்ததைவிட இதையே தன் பெரிய பணியாக அவர் கருதியதாகச் சொல்வார்கள். 2023 டிசம்பரில் அவர் மறைந்தபோது இரு கட்சியினரும் ஒரே குரலில் புகழ்ந்தார்கள். 99க்குப் பூஜ்யம் என்ற வாக்கு இன்று எந்த நீதிபதிக்கும் கிடைக்காது என்பதையும் அன்று எண்ணிப் பார்த்திருக்கலாம்.

பெரியவர்களுக்கான உரையாடல் முயற்சிகளில், ‘பிரேவர் ஏஞ்சல்ஸ்’ அமைப்பின் முறை கவனிக்கத் தக்கது. 2016 தேர்தல் முடிந்த டிசம்பரில், ஓஹாயோவின் சவுத் லெபனான் என்ற சிற்றூரில், டிரம்புக்கு வாக்களித்தவர்களையும் ஹிலாரி கிளின்டனுக்கு வாக்களித்தவர்களையும் ஒரு வார இறுதியில் கூட்டியதில் அது தொடங்கியது. குடும்பப் பிணக்குகளைத் தீர்க்கும் ஆலோசகரான பில் டோஹர்ட்டி அதன் பயிற்சிகளை வகுத்தார். ஒரு பயிற்சியில், எதிர்த்தரப்பு தங்களைப் பற்றி என்னென்ன தவறாக நினைக்கிறது என்று ஒவ்வொரு தரப்பும் பட்டியலிட வேண்டும். அது ஏன் தவறு என்று விளக்க வேண்டும். அதன் பிறகு, அதில் கடுகளவு உண்மை எங்கே இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். வசையை எதிராளி வாயிலிருந்து கேட்டால் கொதிப்பவர்கள், தாங்களே எழுதும்போது நிதானமாகிவிடுகிறார்கள்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் ஃபிஷ்கின் குழுவினர் 2019 செப்டம்பரில் டெக்சாஸில் டல்லஸ் அருகே நடத்திய கூட்டம் இன்னும் பெரியது. நாடு முழுவதிலிருந்தும் அறிவியல் முறைப்படித் தேர்ந்தெடுக்கப்பட்ட 500க்கும் மேற்பட்ட வாக்காளர்கள், இரு தரப்பு வாதங்களும் அடங்கிய குறிப்பேட்டைப் படித்துவிட்டு வந்து, சிறு குழுக்களாகப் பேசி, நிபுணர்களைக் கேள்வி கேட்டார்கள். ஆவணமற்ற குடியேறிகளை அவர்களுடைய நாட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டே விண்ணப்பிக்கச் சொல்ல வேண்டும் என்ற யோசனைக்குக் குடியரசுக் கட்சியினரிடையே இருந்த ஆதரவு 79 சதவீதத்திலிருந்து 40 ஆனது. பிறக்கும் குழந்தைகளின் பெயரில் அரசே பணம் இட்டு வைக்கும் திட்டத்துக்கு ஜனநாயகக் கட்சியினரிடையே இருந்த ஆதரவு 62இலிருந்து 21 ஆனது. யாரும் கட்சி மாறவில்லை. தங்கள் கட்சி சொன்ன யோசனையின் செலவையும் விளைவையும் முதன்முறையாக எண்ணிப் பார்த்தார்கள், அவ்வளவே.

இத்தகைய கட்சி கடந்த பேச்சு நாடாளுமன்றத்திலும் 2019 முதல் 2022 வரை நடந்தது. அவையை நவீனப்படுத்துவதற்கான பிரதிநிதிகள் சபைச் சிறப்புக் குழுவில் இரு கட்சிகளிலிருந்தும் தலா ஆறு பேர் இருந்தனர். பரிந்துரை எதுவும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவின்றி நிறைவேறாது என்பது விதி. மற்றக் குழுக்களில் கட்சிவாரியாக எதிரெதிரே அமர்வது வழக்கம். இக்குழுவில் கலந்து அமர்ந்தார்கள், உயர்ந்த மேடையை விட்டு இறங்கி வட்டமாக உட்கார்ந்தார்கள். 200க்கும் மேற்பட்ட பரிந்துரைகள் வந்தன. இருக்கையை மாற்றினால் மனம் மாறிவிடுமா என்று கேலி செய்யலாம். பக்கத்தில் இருப்பவரிடம் தாழ்ந்த குரலில் ஒரு சந்தேகம் கேட்கலாம் என்பதும், எதிரே இருப்பவரிடம் அப்படிக் கேட்க முடியாது என்பதும் கூட்டங்களில் உட்கார்ந்து பழகிய எவருக்கும் தெரியும்.

இவ்வளவு சொன்ன பிறகு, இரு கட்சிகளும் ஒத்துப்போவது எப்போதும் நன்மை என்று நான் கருதுவதாக வாசகர்கள் எண்ணிவிடக் கூடாது. 1877இல் இரு கட்சிகளும் செய்துகொண்ட சமரசம், தெற்கிலிருந்து கூட்டாட்சிப் படைகளை விலக்கி, விடுதலை பெற்ற கறுப்பின மக்களைக் கைவிட்டது. அமெரிக்க அரசியல் அறிவியல் சங்கம் 1950இல் வெளியிட்ட அறிக்கை, இரு கட்சிகளுக்கும் போதிய வேறுபாடு இல்லாததால் வாக்காளருக்குத் தெளிவான தேர்வு கிடைப்பதில்லை என்று குறைப்பட்டது. இன்று அதைப் படிக்கும்போது சிரிப்பு வருகிறது. 1942இல் ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை முள்வேலி முகாம்களுக்கு அனுப்பியபோது, நாடாளுமன்றத்தில் எந்தக் கட்சியும் அதைத் தடுக்கவில்லை. பெரும்பாலானோர் இந்நாட்டிலேயே பிறந்த குடிமக்கள்.

அந்த முகாம்களில் ஒன்று வயோமிங் மாநிலத்தின் ஹார்ட் மவுண்டன். அங்கே அடைக்கப்பட்டிருந்த நார்மன் மினெட்டா என்ற சிறுவனை, அருகிலுள்ள கோடி நகரிலிருந்து சாரணர் படையோடு முகாமுக்குள் வந்த ஆலன் சிம்ப்சன் என்ற சிறுவன் சந்தித்தான். இருவரும் ஒரே கூடாரத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். பின்னாளில் மினெட்டா கலிஃபோர்னியாவின் ஜனநாயகக் கட்சிப் பிரதிநிதியானார், சிம்ப்சன் வயோமிங்கின் குடியரசுக் கட்சி செனட்டரானார். உயிரோடிருந்த முகாம்வாசிகள் ஒவ்வொருவருக்கும் அரசின் மன்னிப்பும் 20,000 டாலரும் வழங்கிய 1988ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு இருவரும் துணை நின்றார்கள். அதிபர் ரீகன் கையெழுத்திட்டார். வரிகளிலும் செலவினங்களிலும் இருவரும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. பிரதிநிதிகள் தம் கட்சியின் நலனுக்காக ஒன்றுகூடுவதற்கும், தம் கட்சிக்கு வெளியே உள்ள ஒருவருக்கு இழைக்கப்பட்ட அநீதியைப் புரிந்துகொண்டு ஒன்றுகூடுவதற்கும் உள்ள வேறுபாட்டை 1877, 1988 என்ற இரு ஆண்டுகளை அருகருகே வைத்து ஒரு வகுப்பில் கற்பித்துவிடலாம்.

உரையாடலால் மட்டும் தீராதவையும் உண்டு. பிரதிநிதிகள் சபைத் தொகுதிகளில் பெரும்பாலானவை ஏதேனும் ஒரு கட்சிக்கு உறுதியானவை. அங்கே வேட்பாளர் அஞ்சுவது பொதுத்தேர்தலை அன்று, தன் கட்சிக்குள் நடக்கும் முதல்நிலைத் தேர்தலை. 2025இல் டெக்சாஸ் குடியரசுக் கட்சிக்குச் சாதகமாகவும், கலிஃபோர்னியா ஜனநாயகக் கட்சிக்குச் சாதகமாகவும் தொகுதி எல்லைகளை, அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குக் காத்திராமல், நடுவழியில் மாற்றி வரைந்தன. இந்த ஏற்பாடு நீடிக்கும்வரை எதிராளியோடு கைகுலுக்கும் உறுப்பினர் தண்டிக்கப்படுவார். ஆனால் எல்லைகளை யார் வரைகிறார்கள் என்பதைக் கேள்வியாக்க வேண்டிய வாக்காளருக்கு, அப்படி ஒன்று நடப்பதே தெரியாமல் இருப்பதும் பள்ளியின் குறைதான்.

பேச்சு நின்றுபோனால் என்ன வரும் என்பதை 2025ஆம் ஆண்டு காட்டியது. ஜூனில் மினசோட்டா மாநிலச் சட்டமன்றத்தின் ஜனநாயகக் கட்சித் தலைவர் மெலிஸா ஹார்ட்மன் தம் இல்லத்தில் கணவரோடு சுட்டுக் கொல்லப்பட்டார். செப்டம்பரில் பழமைவாதப் பேச்சாளர் சார்லி கிர்க், யூட்டாவில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். இருவரின் கருத்துகளிலும் ஒருவர் எவ்வளவு வேறுபட்டாலும், இவ்விரு கொலைகளையும் ஒரே அளவுகோலால் கண்டிக்க இயலாதவர் குடிமையியலில் தேறியவர் ஆகமாட்டார்.

இங்கு வாழும் நம்மவர்களைப் பற்றியும் ஒரு சொல். கணிதத்துக்கும் எழுத்துக்கூட்டல் போட்டிக்கும் பிள்ளைகளைத் தயாரிக்க வார இறுதிகளைச் செலவிடும் நாம், பாடத்திட்டத்தை முடிவுசெய்யும் பள்ளி வாரியக் கூட்டத்துக்குப் போவது அரிது. நாட்டில் சுமார் 13,000 பள்ளி மாவட்டங்கள் உள்ளன. அவற்றின் வாரியக் கூட்டங்கள் பொதுவாக எல்லோருக்கும் திறந்தவை, யார் வேண்டுமானாலும் சில நிமிடங்கள் பேசலாம். இல்லினாய்ஸில் வாரிய உறுப்பினர்கள் ஊதியமின்றிப் பணியாற்றுகிறார்கள், கட்சிச் சின்னமின்றித் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். குடிமையியல் ஆசிரியருக்குப் பயிற்சி உண்டா, வகுப்பில் விவாதத்துக்கு இடமுண்டா என்று அங்கே கேட்பதற்கு எந்தக் கட்சியிலும் உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை.

கடைசியாக, தங்களுக்கு ஒரு வேண்டுகோள். 2026 நவம்பர் 3 அன்று நாடாளுமன்ற இடைக்காலத் தேர்தல் நடக்கிறது. அதையொட்டி அமெரிக்கச் செய்திகள் தங்கள் பக்கங்களில் பெருகும். ஒரு மசோதா நிறைவேறியது அல்லது தோற்றது என்று வெளியிடும்போது, எந்தக் கட்சியிலிருந்து எத்தனை பேர் ஆதரித்தார்கள், எத்தனை பேர் எதிர்த்தார்கள் என்ற ஒற்றை வரியைச் சேர்த்து வெளியிடுங்கள். 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டத்தைச் செனட் 73க்கு 27 என்று நிறைவேற்றியது எனப் படிப்பவர் ஒன்றைத் தெரிந்துகொள்கிறார். அந்த 73 பேரில் 46 பேர் ஜனநாயகக் கட்சியினர், 27 பேர் குடியரசுக் கட்சியினர். எதிர்த்த 27 பேரில் 21 பேர் ஜனநாயகக் கட்சியினர், 6 பேர் குடியரசுக் கட்சியினர் என்றும் படித்தால், அச்சட்டம் எப்படிப் பிறந்தது என்ற கேள்வி அவருக்குள் எழும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
இல்லினாய்ஸ், அமெரிக்கா